பிழையாக வந்த அளவீடு

(நூற்றாண்டு விழாவையொட்டி எமது கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற விஞ்ஞான தினத்தில், பழைய மாணவியும் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியையுமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு காணும் கல்லூரியின் மேடையில் நின்று பேசும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. இந்த மண்டபத்தில் நான் கடைசியாக ஏறி நின்றது ஒரு பேச்சுப் போட்டிக்காக. அன்று பாதியில் மறந்துபோய் அழுதுகொண்டு இறங்கினேன். இன்று அப்படி நடந்தாலும் வயதைக் காரணம் காட்டலாம் என்ற தைரியத்தில் வந்திருக்கிறேன்.

சங்கத்தினர் என்னிடம் கேட்டது இதுதான்: "தரம் ஆறு தொடக்கம் ஒன்பது வரையுள்ள பிள்ளைகள் விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒரு பரிசோதனையை எப்படித் திட்டமிடலாம், அதற்குப் பெற்றோரும் பழைய மாணவிகளும் எப்படி உதவலாம் என்று சொல்லுங்கள்." பொதுவாகச் சொன்னால் நித்திரை வரும். ஆகவே ஒரே ஒரு பிள்ளையின் பரிசோதனையைச் சொல்லப் போகிறேன். அந்தப் பிள்ளை என் பேத்தி. இக்கல்லூரியில் தரம் எட்டில் படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் இங்கு படிக்கும் மூன்றாவது தலைமுறை. பெயர் சொல்லக்கூடாது என்று கட்டளை.

அவளுக்கு வலைப்பந்துதான் உலகம். படிக்கும் மேசையில் சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் தர்ஜினி சிவலிங்கத்தின் படம் ஒட்டியிருக்கிறது. வடக்கிலிருந்து போய் இலங்கை அணிக்கு விளையாடிய அந்தப் பிள்ளையைப் பார்த்து எத்தனை சிறுமிகள் பந்தைக் கையில் எடுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

கண்காட்சி அறிவித்தல் வந்தவுடன் வீட்டில் கூட்டம் கூடியது. என் மகள் சொன்னாள்: "அம்மா, றெஜிபோமில சூரிய குடும்பம் ஒண்டு செய்வம். கீறத் தெரிஞ்ச ஒருத்தரைப் பிடிச்சா வடிவா வரும். பரிசும் கிடைக்கும்." நான் பேத்தியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு சந்தோசமும் இல்லை. "உனக்கு உண்மையா என்ன தெரிய வேணும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அம்மம்மா, காலமைப் பயிற்சியில எங்கட பந்து செத்த பந்து மாதிரிக் கிடக்குது. பின்னேரம் நல்லாத் துள்ளுது. ஏன்?"

நான் முப்பது வருடம் படிப்பித்தவள். என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. அன்றே சூரிய குடும்பத்தைக் கைவிட்டோம்.

முதலாவதாக நான் சொல்ல விரும்புவது இதைத்தான். கேள்வி பிள்ளையுடையதாக இருக்கவேண்டும். விளையாட்டு இதற்கு நல்ல இடம். விளையாடும் பிள்ளை ஒரு நாளில் நூறு தடவை விஞ்ஞானத்தைத் தொட்டுப் பார்க்கிறது. ஆனால் "ஏன்" என்ற கேள்வியை அப்படியே பரிசோதிக்க முடியாது. அதை அளக்கக்கூடிய கேள்வியாக மாற்றவேண்டும். "நல்லாத் துள்ளுது" என்றால் எவ்வளவு? எந்த உயரத்திலிருந்து விட்டால் எந்த உயரத்துக்கு எழும்புகிறது? இந்த இடத்தில்தான் பெரியவர்களின் உதவி தேவை. விடை சொல்வதற்கு அல்ல, கேள்வியைச் சின்னதாக்குவதற்கு.

எங்களிடம் இருந்த கருவி என் தையல் பெட்டியில் கிடந்த அளவு நாடா. அது 150 சென்ரிமீற்றர். ஆகவே விடும் உயரமும் 150 சென்ரிமீற்றர் என்று வைத்தோம். நாடாவைச் சுவரில் ஒட்டினோம். பந்தின் அடிப்பக்கம் 150இல் நிற்கப் பிடிக்கவேண்டும். தள்ளக்கூடாது, விடவேண்டும். எழும்பிய பந்தின் அடிப்பக்கம் எந்த இலக்கத்தைத் தொட்டது என்று பார்க்கவேண்டும். கண்ணால் பார்த்தால் நிற்கும் உயரத்தைப் பொறுத்து அளவு மாறும். அதனால் கைத்தொலைபேசியை ஒரு முக்காலியில், பந்து எழும்பும் மட்டத்திலேயே வைத்து, மெதுவாக ஓடும் வீடியோவாக எடுத்தோம். ஒவ்வொரு நிலைக்கும் பத்துத் தடவை விட்டு, பத்தையும் எழுதி, சராசரி எடுத்தோம். ஏன் பத்து என்று கேட்டாள். "ஒரு தடவை ஷூட் பண்ணி வளையத்துக்குள்ள போனா நீ நல்ல ஷூட்டரோ?" என்று கேட்டேன். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பாடசாலைச் சீமெந்துத் தளத்தில் முதல் அளவீடு எடுத்தாள். காலையில் சராசரி 74 சென்ரிமீற்றர். பின்னேரம் 86. பன்னிரண்டு சென்ரிமீற்றர் வித்தியாசம். அவளுடைய சந்தேகம் வெறும் எண்ணம் அல்ல என்பது தெரிந்தது.

இப்போது கருதுகோள். "வெயிலில் பந்து சூடாகிறது, அதனால் கூடத் துள்ளுகிறது" என்றாள். நல்ல கருதுகோள். அடைக்கப்பட்ட வளியைச் சூடாக்கினால் அதன் அமுக்கம் கூடும் என்பது நாம் படித்த விதி. ஸ்குவாஷ் விளையாடுபவர்கள் போட்டிக்கு முன் பந்தைச் சுவரில் அடித்து அடித்துச் சூடாக்குவதும் அது நன்றாகத் துள்ளவேண்டும் என்பதற்காகவே.

ஆனால் காலைக்கும் பின்னேரத்துக்கும் இடையில் வெப்பம் மட்டுமா மாறுகிறது? காலையில் தளத்தில் பனி ஈரம் இருக்கிறது. பந்தை விடுபவர் வேறு. இப்படி மூன்று நான்கு விடயங்கள் ஒன்றாக மாறினால், எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. மாணவச் செல்வங்களே, சாராமாறி, சார்மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று நீங்கள் பாடமாக்குவது இதைத்தான். ஒன்றை மட்டும் மாற்று, ஒன்றை அள, மிகுதி எல்லாவற்றையும் அப்படியே வைத்திரு.

ஆகவே விளையாட்டு ஆசிரியையின் அனுமதியுடன் சனிக்கிழமை பந்தை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எங்கள் விறாந்தையின் சீமெந்துத் தரை. ஒரே பந்து, ஒரே தரை, ஒரே ஆள், ஒரே உயரம். காற்றடித்து, நிழலில் வைத்து, பத்துத் தடவை விட்டாள். சராசரி 86. பிறகு ஒரு மணித்தியாலம் முற்றத்து வெயிலில் வைத்து எடுத்து, உடனே பத்துத் தடவை விட்டாள். 87. "கூடிட்டுது!" என்று துள்ளினாள், பந்தைவிட உயரமாக.

நான் சொன்னேன்: "பிள்ளை, இனிப் பந்தை நிழலில ஒரு மணித்தியாலம் வைச்சு ஆறவிட்டு, முதல் செய்ததை இன்னொருக்காச் செய்." வெப்பம்தான் காரணம் என்றால், வெப்பத்தை எடுத்துவிட்டால் பந்து 86க்குத் திரும்பவேண்டும். திரும்பிப் போய்ப் பார்க்கும் இந்தப் படியைப் பலர் செய்வதில்லை. செய்யாவிட்டால் அன்றைக்கே பரிசோதனை முடிந்திருக்கும், ஓர் அழகான வரைபும் கிடைத்திருக்கும்.

ஆறவிட்டு அளந்தாள். 83.

திரும்பவும் அளந்தாள். 83தான். முகம் வாடிப்போய் என்னிடம் வந்து, மெதுவாகக் கேட்டாள்: "அம்மம்மா, இது பிழையா வந்திட்டுது. 86 எண்டு எழுதட்டோ?"

இங்கே உங்கள் அனுமதியுடன் ஒரு பழைய கதையைச் சொல்லவேண்டும். என் பிள்ளைகளுக்கும் நான் சொல்லாத கதை.

நான் உயர்தரம் படித்த காலத்தில் எளிய ஊசல் செய்முறை செய்தோம். ஒரு மீற்றர் நூல், ஒரு உலோகக் குண்டு, இருபது அலைவுக்கான நேரம். என் அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. ஈர்ப்பு ஆர்முடுகல் 9.8 வரவேண்டும் என்பது புத்தகத்தில் இருந்தது. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, 40.1 செக்கன், 40.3 செக்கன் என்று அழகான கையெழுத்தில் நிரப்பிக் கொடுத்தேன். ஆசிரியை கொப்பியை நெடுநேரம் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த நிறுத்தற் கடிகாரத்தை என் கையில் தந்து, "இதில 40.1ஐ எனக்கு ஒருக்காக் காட்டு" என்றார். அந்தக் காலத்து முள் கடிகாரத்தில் ஒரு செக்கனுக்கு ஐந்து பிரிவுகள்தான். 40.0 காட்டும், 40.2 காட்டும். 40.1ஐ அது காட்டாது. "கையெழுத்து உன்ர. அளவீடு உன்ர இல்லை" என்றார். அவ்வளவுதான். அதிபரிடம் அனுப்பவில்லை, வகுப்பில் சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் மாலையில் தானும் கூட இருந்து என்னைத் திரும்பச் செய்ய வைத்தார். நான் ஊசலை மிகப் பெரிய கோணத்தில் ஆட்டிவிட்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. என் "பிழையான" அளவீடுகள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. நான் அவற்றின் வாயை அடைத்துவிட்டேன்.

பேத்தி "86 எண்டு எழுதட்டோ" என்று கேட்டபோது எனக்கு அந்த ஆசிரியையின் முகம் வந்தது. "83 எண்டே எழுது. பக்கத்தில ஒரு கேள்விக்குறி போடு" என்றேன். பின்னர் இருவரும் தேநீர் குடித்துக்கொண்டு யோசித்தோம். இரண்டு மணித்தியாலத்தில், எதையும் மாற்றாமலே, பந்து மூன்று சென்ரிமீற்றர் இழந்திருக்கிறது. பந்தில் எது போயிருக்கும்?

அவள்தான் சொன்னாள். "காத்து!"

கிணற்றடியில் பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பி, சைக்கிள் கடைக்காரர் ரியூப் பார்ப்பதுபோலப் பந்தை அமுக்கிப் பிடித்தாள். வால்வு இருந்த இடத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒவ்வொன்றாக வந்தன. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமியும் வேலியடிக்கு வந்துவிட்டார்.

இப்போது எல்லாவற்றையும் புதிதாகச் செய்யவேண்டியிருந்தது. காற்றுப் போகாத வேறொரு பந்தை இரவல் வாங்கினோம். நிழல் 86, வெயில் 88, மீண்டும் நிழல் 86. இம்முறை திரும்பி வந்தது. ஆக, வெப்பத்தால் துள்ளல் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த விளைவு 2 சென்ரிமீற்றர்தான். பாடசாலையில் அவள் கண்ட வித்தியாசமோ 12. மிகுதிக்கு வேறு காரணம் தேவை.

ஞாயிறு மாலை பழைய பந்துக்குக் காற்றடித்து 86க்குக் கொண்டுவந்து, இரவு முழுவதும் விறாந்தையில் விட்டாள். காலையில் அளந்தபோது 75. காற்றடித்த பின் மீண்டும் 86. திங்கட்கிழமை விளையாட்டு ஆசிரியையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பம்ப் அலுமாரிக்குள் பூட்டியிருக்கும். பின்னேரப் பயிற்சிக்கு முன்தான் அலுமாரி திறக்கப்படும். காலையில் யாரும் காற்றடிப்பதில்லை. பிள்ளைகள் வெயிலைக் காரணம் காட்டிக்கொண்டிருந்தார்கள். காரணம் ஒரு தேய்ந்த வால்வும் ஒரு திறப்பும்.

இந்த 2 சென்ரிமீற்றர் நியாயமானதுதானா என்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வலைப்பந்துக்குள் 76 முதல் 83 கிலோபஸ்கால் வரை காற்று அடிக்கவேண்டும் என்பது விதி. இது வெளியேயுள்ள வளிமண்டல அமுக்கத்துக்கு மேலதிகமானது. வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 100. ஆகவே உள்ளே மொத்தம் 180 அளவில் இருக்கும். 27 பாகை செல்சியஸிலிருந்து 37க்குப் போனால், தனிவெப்பநிலை 300 கெல்வினிலிருந்து 310 ஆகிறது. முப்பதில் ஒரு பங்குதான் கூடுகிறது. 180இன் முப்பதில் ஒரு பங்கு 6. பம்பால் சிலமுறை அடித்தாலே இதைவிடக் கூட ஏற்றிவிடலாம். வெயில் எவ்வளவு சுட்டாலும், பந்துக்குள் அது செய்யக்கூடியது சிறிதளவே.

கண்காட்சி அன்று அவளுடைய மேசையில் மின்குமிழ்கள் எரியவில்லை. ஒரு பந்து, ஒரு வாளித் தண்ணீர், ஒரு தையல் நாடா, எண்ணெய்க் கறை பட்ட ஓர் அளவீட்டுக் கொப்பி. நடுவராக வந்தவர் கேட்டார்: "அப்ப உங்கட கருதுகோள் பிழைதானே?" அவள் சொன்னாள்: "முழுக்கப் பிழை இல்லை மிஸ். பன்னிரண்டில ரெண்டு சரி." பந்தின் உள்ளே இருந்த வளியின் வெப்பநிலையை அளக்க முடியவில்லை, வெளியே வைத்த வெப்பமானியைத்தான் பார்த்தோம் என்பதையும் அவள் தன் அட்டையில் எழுதியிருந்தாள். அதை எழுதச் சொன்னது நான் அல்ல.

மூன்றாம் இடம் கிடைத்தது. என் மகளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். ஆனால் அடுத்த வாரம் பந்துக்குப் புது வால்வு வந்தது. இப்போது காலைப் பயிற்சிக்கு முன் ஒரு பிள்ளை 150 சென்ரிமீற்றரிலிருந்து பந்தை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறதாம்.

எல்லோரும் பந்தைத்தான் எடுக்கவேண்டும் என்றில்லை. மெய்வல்லுநர் போட்டியில் ஓடும் பிள்ளை தன் தாக்க நேரத்தை அளக்கலாம். ஒருவர் அடிமட்டத்தைச் செங்குத்தாகப் பிடித்துச் சொல்லாமல் விடவேண்டும், மற்றவர் விரல்களால் பிடிக்கவேண்டும். 20 சென்ரிமீற்றர் விழுந்தபின் பிடித்தால், ஏறத்தாழ 0.2 செக்கன். காலையிலும் மாலையிலும், வலக்கையிலும் இடக்கையிலும் ஒப்பிடலாம். வெடிச் சத்தத்துக்குப் பின் 0.1 செக்கனுக்குள் புறப்பட்டால் தவறான ஆரம்பம் என்று சர்வதேச விதி ஏன் சொல்கிறது என்பது அப்போது விளங்கும். எல்லே விளையாடுபவர்கள், ஓடி முடித்தபின் நாடித்துடிப்பு எத்தனை நிமிடத்தில் பழைய நிலைக்கு வருகிறது என்று பார்க்கலாம். ஆனால் ஆட்களை வைத்துச் செய்யும்போது அவர்களின் விருப்பத்தையும் பெற்றோரின் சம்மதத்தையும் கேளுங்கள். இழுப்பு உள்ள பிள்ளையை ஓடவிடாதீர்கள். வெப்பமானி தேவையானால் இரசம் இல்லாததாக வாங்குங்கள்.

முடிவாக, தூர தேசங்களிலிருந்து இந்த மலரை வாசிக்கப் போகும் தோழிகளுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரிக்கு என்ன அனுப்பலாம் என்று அடிக்கடி கேட்கிறீர்கள். பெட்டியில் வரும் ஆயத்த மொடல்கள் வேண்டாம். நிறுத்தற் கடிகாரங்கள், அளவு நாடாக்கள், அமுக்கமானி பூட்டிய ஒரு பம்ப், தடித்த மட்டை போட்ட கொப்பிகள் அனுப்புங்கள். அதைவிட மேலாக, மாதத்தில் ஒரு மணித்தியாலம் தாருங்கள். கைத்தொலைபேசியில் ஒரு பிள்ளையை அழைத்து, "உனக்கு உண்மையா என்ன தெரிய வேணும்?" என்று கேளுங்கள். விடை தெரிந்தாலும் சொல்லிவிடாதீர்கள். நடுவர்களாக வரும் பழைய மாணவிகளே, அட்டையின் அழகுக்கு முன் அளவீட்டுக் கொப்பியைப் புரட்டுங்கள். அதில் வெட்டுக்கொத்தும் கேள்விக்குறியும் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு புள்ளி கூடக் கொடுங்கள்.

என் ஆசிரியை இன்று இல்லை. அவர் என்னை அந்த வாரம் முழுவதும் திரும்பச் செய்ய வைத்திராவிட்டால், நான் என் பேத்தியிடம் "எழுது பிள்ளை, யார் பாக்கப் போகினம்" என்று சொல்லியிருப்பேன். இந்தக் கல்லூரி நூறு வருடங்களாக எத்தனையோ பேரை வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் ஆக்கியிருக்கிறது. எனக்கு அது தந்தது, 83 என்று வந்தால் 83 என்று எழுதும் பழக்கம். அதை அடுத்த கைக்குக் கொடுத்துவிட்டேன் என்ற நிறைவோடு விடைபெறுகிறேன்.